வாங்கியவர் குறை சொன்னால்

பேஸ்பால், கூடைப்பந்து வீரர்களின் கார்டுகளைக் கிரேடு போட்ட ஸ்லாபோடு (நிலையை மதிப்பிட்டு எண் கொடுத்து மூடிய பிளாஸ்டிக் உறை) ஈபேயில் விற்பவர்களுக்கு ஒரு புகார் வந்ததும் வாயில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கிரேடு போட்டது நானில்லை, கம்பெனி. குறை இருந்தால் அங்கே கேளுங்கள்." அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி ஜெயித்த விற்பனையாளர் குறைவு. நான் இந்த அத்தியாயத்தில் வலியுறுத்தப்போவது வேறொரு வழி. புகாரில் நியாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கார்டை முழுதாகத் திருப்பி வாங்கிக்கொண்டு பணத்தை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். கார்டை அவரிடமே விட்டுவிட்டுக் கொஞ்சம் பணத்தைத் திருப்பித் தந்து சமாதானம் ஆவதைத் தவிருங்கள். முதல் யோசனை ஏமாளித்தனமாகவும் இரண்டாவது சாமர்த்தியமாகவும் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது என்பதைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

முதலில், நாம் விற்பது என்ன என்பதில் தெளிவு வேண்டும். லேபிளில் இருக்கும் எண் ஓர் அபிப்பிராயம். பழகிய கண்களின் அபிப்பிராயம், ஆனாலும் அபிப்பிராயமே. இந்தத் தொழிலின் மிகப் பிரபலமான ஸ்லாபே அதற்குச் சாட்சி. 1991-ல் கிரேடிங்கைத் தொடங்கிய பிஎஸ்ஏ நிறுவனம் தன் முதல் சான்று எண்ணைக் கொடுத்தது பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டுக்கு. 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளுக்குள் வைத்துக் கொடுக்கப்பட்ட டி206 வரிசையைச் சேர்ந்தது அது. கிடைத்த கிரேடு 8. 2007-ல் அந்தக் கார்டு 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஆனால் 1980-களில் அதை வாங்கி விற்ற பில் மாஸ்ட்ரோ, தம்மீது நடந்த மோசடி வழக்கில் 2013-ல் அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டிய கார்டுக்கு எண் கிரேடே தரக்கூடாது என்பது கிரேடிங்கின் அடிப்படை விதி. முதல் சான்று எண் கொண்ட கார்டிலேயே கிரேடு தவறியிருக்கிறது என்றால், நம்மிடம் வாங்கியவர் ஒரு மூலையைக் காட்டி "இது 9 மாதிரி தெரியவில்லையே" என்று கேட்பதில் திமிர் ஒன்றுமில்லை. அவருக்கும் கண் இருக்கிறது.

அதே சமயம், அவர் கண்ணுக்குப் படுவதெல்லாம் கிரேடைப் பொய்யாக்கிவிடாது. பிஎஸ்ஏ 10 என்றால் மாசு மறுவற்றது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் வரையறையோ, மொத்தத் தோற்றத்தைக் கெடுக்காத சிறு அச்சுக் குறையை 10-லும் அனுமதிக்கிறது. பின்பக்கத்தில் சென்டரிங் (அச்சு நடுவில் அமைந்திருக்கும் அளவு) 75-க்கு 25 என்று விலகியிருந்தாலும் 10 கிடைக்கலாம். 9 என்றால் பின்பக்கத்தில் மிக லேசான மெழுகுக் கறையோ, வெண்மை சற்று மங்கிய ஓரமோ இருக்க இடமுண்டு. ஆக, படத்தில் வானத்தின் நீலத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டு "10-ல் புள்ளி வரலாமா?" என்று எழுதுபவர் கண்டது நிஜம், முடிவுதான் பிசகு. இந்த வேறுபாட்டை விளக்கி ஒரு வரி எழுதலாம், எழுதவும் வேண்டும். அதைச் சொல்லி அவரை மடக்கிவிட முடியும் என்று மட்டும் நம்ப வேண்டாம். புள்ளி பிடிக்காத மனிதருக்கு வரையறையைப் படித்துக் காட்டினாலும் புள்ளி அங்கேயேதான் இருக்கும்.

புகார் எதைப் பற்றியது என்று பிரித்தறிவது அடுத்த வேலை. "மேற்பரப்பில் கீறல்" என்று வரும் புகார்களில் கணிசமானவை கார்டைப் பற்றியவையே அல்ல. ஸ்லாபின் பிளாஸ்டிக்கைப் பற்றியவை. இதைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. மேசை விளக்கின் கீழே ஸ்லாபைப் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்க வேண்டும். கீறல் பிளாஸ்டிக்கின்மேல் இருந்தால், சாய்க்கச் சாய்க்க அது படத்தின்மேல் நகர்வதுபோலத் தெரியும்: வீரரின் தோளருகே இருந்த கோடு கழுத்துப் பக்கம் போகும், சில கோணங்களில் கோட்டுக்குக் கீழே மெல்லிய நிழல் விழும். கீறல் கார்டில் இருந்தால் எப்படிச் சாய்த்தாலும் படத்தோடு ஒட்டியே நிற்கும். வாங்கியவரிடம் இந்தச் சோதனையைச் செய்து ஒரு சின்ன வீடியோ அனுப்பச் சொன்னால், பத்து மெயில்களில் தீராதது ஒன்றில் தெளிவாகிவிடும். பிளாஸ்டிக்தான் கீறியிருக்கிறது என்றால், ஸ்லாபை மட்டும் மாற்றித் தரும் சேவை கிரேடிங் நிறுவனங்களில் உண்டு என்று சொல்லலாம். ஆனாலும் அந்தக் கீறல் உங்கள் விற்பனைப் படத்தில் தெரியவில்லை என்றால் பிழை உங்களுடையதுதான். அவர் வாங்கியது கார்டை மட்டுமல்ல, ஸ்லாபையும் சேர்த்து.

இனி விதிகளுக்கு வருவோம். "ரிட்டர்ன் கிடையாது" என்று பட்டியலில் எழுதிவிட்டால் தப்பித்தோம் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. ஈபேயின் பணத்திருப்ப உத்தரவாதப்படி, பொருள் விவரித்தபடி இல்லை என்று வாங்கியவர் பார்சல் வந்த 30 நாட்களுக்குள் சொல்லலாம். அந்தக் காரணத்துக்கு உங்கள் "ரிட்டர்ன் கிடையாது" செல்லாது. மனம் மாறிவிட்டது என்று சொல்பவரை மட்டுமே அந்த வாசகம் தடுக்கும். புகார் வந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். தாண்டினால் வாங்கியவர் ஈபேயை உள்ளே இழுக்கலாம். அங்கே முடிவு உங்களுக்கு எதிராகப் போனால் பணமும் போகும், கணக்கில் கறையும் விழும். விற்பவர் தீர்க்காமல் ஈபே தீர்க்க நேர்ந்த புகார்கள் மொத்த விற்பனையில் 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. அதாவது ஆயிரத்துக்கு மூன்று. நீங்களே ரிட்டர்னை ஏற்றுப் பணம் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கில் அது சேராது. ஒரு கார்டில் நியாயத்தை நிலைநாட்டப் போய், அடுத்த ஆயிரம் கார்டுகளின் விற்பனையைப் பணயம் வைப்பது சரியான வியாபாரமாக எனக்குப் படவில்லை.

இந்த இடத்தில் வரும் ஆட்சேபம் வலுவானது. "திருப்பி வாங்கினால், என் கார்டை எடுத்துக்கொண்டு மோசமான ஒன்றை அனுப்பிவிடுவார்களே?" ஸ்லாபில் இல்லாத கார்டை விற்பவருக்கு இந்தப் பயம் நியாயமானது. ஸ்லாபில் இருக்கும் கார்டுக்கு மிகக் குறைவு. ஏனென்றால் இணையத்தில் விற்கும் பொருள்களில் தனக்கென்று ஓர் எண்ணையும் முகத்தையும் வைத்திருப்பவை சொற்பம். கிரேடு போட்ட கார்டு அவற்றில் ஒன்று. லேபிளில் சான்று எண் இருக்கிறது. அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் என்ன கார்டு, என்ன கிரேடு என்று வரும். வேறு ஸ்லாபை அனுப்பினால் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். அதே ஸ்லாபைப் பிளந்து உள்ளே மாற்றியிருந்தால், ஒட்டிய விளிம்புகளில் பிளாஸ்டிக் வெளிறிப்போய், பனி படர்ந்ததுபோல் தெரியும். அதையும் மறைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம், கார்டுக்கே கைரேகை உண்டு: ஓரத்தின் வெண்மை இடப்புறம் எவ்வளவு, வலப்புறம் எவ்வளவு, அச்சுப் புள்ளி எங்கே, வெட்டிய ஓரத்தில் இழை எங்கே துருத்துகிறது என்பவை ஒரே வீரரின் ஒரே ஆண்டுக் கார்டுகளிலும் இரண்டில் ஒன்றுபோல் அமையாது.

இதெல்லாம் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. அனுப்புவதற்குமுன் நீங்கள் எடுத்த படம் கையில் இருக்க வேண்டும். விற்பனைக்காக எடுத்த அழகான இரண்டு படங்கள் போதாது. முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகளும் நெருக்கத்தில், ஸ்லாபின் நான்கு பக்க விளிம்புகள், சான்று எண் தெளிவாகப் படிக்கும்படி லேபிள், பிறகு அதே ஸ்லாபைப் பெட்டிக்குள் வைக்கும் கடைசிப் படம். நூறு டாலரைத் தாண்டிய ஒவ்வொரு கார்டுக்கும் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்துவிடுங்கள். பயத்தில் ரிட்டர்னை மறுப்பவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் இந்தப் படங்கள் இல்லாதவர்களாகவே இருப்பார்கள். தைரியம் படத்திலிருந்து வருகிறது.

இரண்டாவது ஆட்சேபம் விலையைப் பற்றியது. கார்டு தபாலில் போய்க்கொண்டிருக்கும்போதே விலை இறங்கிவிடும், வாங்கியவர் வருந்துவார், வருத்தத்தைச் சொல்லாமல் "மூலை மழுங்கியிருக்கிறது" என்பார். இது நடக்கிறது, மறுப்பதற்கில்லை. 1986-ன் ஃப்ளியர் மைக்கேல் ஜோர்டன் கார்டு, பிஎஸ்ஏ 10-ல், 2021 ஜனவரி கடைசியில் 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. சில மாதங்களில் அதே கார்டு, அதே கிரேடில், அந்த விலைக்குப் பக்கத்தில்கூட நிற்கவில்லை. அந்த உயரத்தில் நடப்பது, ஒரு வீரர் காலில் அடிபட்டு வெளியேறும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருநூறு டாலர் கார்டுகளிலும் நடக்கும். இறங்கிய விலையின் சுமையை விற்பவர் ஏன் ஏற்க வேண்டும்? நேர்மையாகப் பார்த்தால் ஏற்க வேண்டியதில்லைதான். வாங்கியவர் மனம் மாறிவிட்டது என்றே சொன்னால், நீங்கள் ரிட்டர்ன் இல்லை என்று விற்றிருந்தால், மரியாதையாக மறுக்கலாம். ஆனால் அவர் பொய்க் காரணம் சொன்னால், அது பொய் என்று மூலை மழுங்கலை வைத்து நிரூபிப்பது ஆகாத காரியம். அந்த இடத்தில் நீங்கள் கணக்குப் போட வேண்டியது, திருப்பி வாங்கினால் என்ன நட்டம், வாங்காவிட்டால் என்ன நட்டம் என்று மட்டுமே. உதாரணமாக, 300 டாலருக்கு விற்றது இப்போது 260 என்று வைப்போம். திருப்பி வாங்கினால் 40 டாலரும் இரண்டு வழித் தபால் செலவும் போகும். வாங்காமல் மோதித் தோற்றால், அந்த நட்டத்தோடு மூன்று வாரத் தூக்கமும் கணக்கின் பெயரும் போகும். திருப்பி வாங்குங்கள், கார்டு வந்ததும் விளிம்புகளைப் படத்தோடு ஒப்பிட்டு, பொய்ப் புகார் என்று உறுதியானால் அவரைப் பற்றி ஈபேயிடம் புகார் பதியுங்கள், உங்களிடம் மறுபடி வாங்க முடியாதபடி தடுப்புப் பட்டியலில் அவரைச் சேர்த்துவிடுங்கள். 2008 முதல் விற்பவர் வாங்குபவருக்குக் கெட்ட ஃபீட்பேக் போட முடியாது. ஆகவே அந்த வழியில் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள இடமில்லை.

இப்போது பாதிப் பணம். "கார்டை நான் வைத்துக்கொள்கிறேன், 60 டாலர் திருப்பித் தாருங்கள்" என்று ஒருவர் எழுதுகிறார். தபால் செலவு மிச்சம், விற்பனை நின்றுவிடவில்லை, புகார் முடிந்தது. அதனால்தான் விற்பவர்கள் இதில் விழுகிறார்கள். இதில் என் எதிர்ப்பு வலுவானது. கார்டில் குறை உண்மை என்றால், அதை 60 டாலர் என்று அளந்தது யார்? கிரேடு 9 ஆக இருந்தது 8 ஆகிவிட்டது என்றால் விலை வித்தியாசம் 60-ஐவிட அதிகமாக இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். குறை உண்மையில்லை என்றால், நீங்கள் இல்லாத குறைக்குப் பணம் கொடுத்து அதை ஒப்புக்கொள்கிறீர்கள். அதைவிட முக்கியமானது, உண்மையிலேயே கார்டில் ஏமாற்றம் அடைந்தவர் அதை வைத்துக்கொள்ள விரும்பமாட்டார். திருப்பி அனுப்புகிறேன் என்று அவரே சொல்வார். "முழுப் பணம் தருகிறேன், கார்டை அனுப்புங்கள், தபால் செலவும் என்னுடையது" என்று நீங்கள் பதில் எழுதும் அந்த நிமிஷத்தில் எது நிஜப் புகார், எது பேரம் என்பது தானாகப் பிரிந்துவிடும். பேரத்துக்கு வந்தவர் பெரும்பாலும் மறுபடி எழுதமாட்டார். கெட்ட ஃபீட்பேக் போடுவேன் என்று மிரட்டிப் பட்டியலில் சொல்லாத எதையாவது கேட்டால், அது ஈபே விதிக்கே புறம்பானது. அந்தச் செய்தியை அப்படியே சுட்டிக்காட்டிப் புகார் செய்யலாம்.

இதற்கு ஒரு விலக்கை ஒத்துக்கொள்கிறேன். இருபது டாலர் ஸ்லாபில் ஒரு மூலை பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்தால், அதை நாட்டின் மறுகோடியிலிருந்து வரவழைப்பது யாருக்கும் லாபமில்லை. அங்கே ஸ்லாப் மாற்றும் செலவில் ஒரு பங்கைத் தருவதோ, பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டுக் கார்டை அவரிடமே விடுவதோ சரி. அப்போதும் தொகையை நீங்கள் முன்வந்து சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். அவர் கேட்ட தொகைக்கு இறங்கிவந்ததாக அது இருக்கக் கூடாது.

பதில் எழுதும் முறையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், தேவைப்படுவது சிறியதுதான். ஆங்கிலத்தில் அனுப்புவீர்கள், உள்ளடக்கம் இவ்வளவு போதும்: "படங்களுக்கு நன்றி. நீங்கள் சொல்லும் கீழ் வலது மூலையைப் பார்த்தேன். நான் அனுப்பியபோது எடுத்த அதே மூலையின் படத்தை இணைத்திருக்கிறேன். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்புவதற்கான தபால் லேபிளை இன்று அனுப்புகிறேன், கார்டு வந்து சேர்ந்ததும் முழுப் பணமும் வரும்." இதில் மன்னிப்பு இல்லை, வாதமும் இல்லை. பழைய படத்தை இணைத்திருப்பதில் எல்லாம் அடங்கிவிடுகிறது: அந்த மூலை அனுப்பும்போது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. பேச்சு முழுவதையும் ஈபேயின் செய்திப் பகுதிக்குள்ளேயே வையுங்கள். போனில் பேசிக்கொண்டதைப் பின்னால் யாரும் பார்க்க முடியாது.

தபாலில் உடைந்து வந்த ஸ்லாபுக்கு இந்த வாதங்கள் எதுவும் வேண்டியதில்லை. பொறுப்பு விற்பவருடையது, பேச்சுக்கு இடமில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: பெட்டி, உள்ளே வைத்த பஞ்சு, உடைந்த ஸ்லாப் எதையும் வீசிவிடாமல் வைத்திருக்கும்படி முதல் செய்தியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீடு செய்த பார்சலில் சேதம் என்றால் அமெரிக்கத் தபால் துறையிடம் அனுப்பிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் கோர வேண்டும். அவர்கள் பொதிந்த விதத்தைப் பார்க்கக் கேட்கலாம். பப்பிள் கவரில் மட்டும் போட்டு அனுப்பிய ஸ்லாப் மூலையில் விரிவது சாதாரணம். மெல்லிய பிளாஸ்டிக் பை, இருபுறமும் அட்டை, அதைச் சுற்றி பப்பிள், அதற்குமேல் பெட்டி என்று போனால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவைப்படாது. வந்து சேரவே இல்லை என்ற புகாருக்கு ட்ராக்கிங் பதில் சொல்லும். 750 டாலரும் அதற்கு மேலும் என்றால், கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் சேவையில் அனுப்பியிருந்தால்தான் ஈபே உங்கள் பக்கம் நிற்கும்.

"ஸ்லாபே போலி" என்ற புகார் தனி ரகம். இங்கே என் பொது வாதத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். சான்று எண்ணைத் தளத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று பதில் எழுதுவது போதாது. போலி செய்பவர்கள் இணையத்தில் கிடைக்கும் நிஜ ஸ்லாபின் படத்திலிருந்து எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். எண் எப்போதும் சரியாகத்தான் வரும். பார்க்க வேண்டியது லேபிளின் எழுத்துரு, அச்சின் கூர்மை, ஹாலோகிராம், ஸ்லாபின் விளிம்பு. தளத்தில் அந்த எண்ணுக்குப் படமும் இருந்தால் கார்டின் ஓரங்களை ஒப்பிட வேண்டும். சந்தேகம் துளி இருந்தாலும் உடனே திருப்பி வாங்குங்கள். திரும்பி வந்ததைப் பட்டியலில் போடாமல், கிரேடிங் நிறுவனத்துக்கே அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். போலி என்று உறுதியானால் யாரிடம் வாங்கினீர்களோ அவரிடம் உங்கள் பணத்தைக் கேளுங்கள். நட்டம் உங்கள் கையில் நின்றுபோகலாம். அதை அடுத்தவர் கைக்குத் தள்ளிவிட உங்களுக்கு உரிமை இல்லை.

திரும்பி வந்த கார்டு மேசைக்கு வந்ததும் பெட்டியைத் திறப்பதையே வீடியோ எடுங்கள். சான்று எண், விளிம்பு, மூலைகள் என்று பழைய படத்தோடு ஒப்பிட்டுவிட்டு, எல்லாம் சரியென்றால் இரண்டு வேலை நாட்களுக்குள் பணத்தை விடுவித்துவிடுங்கள். அதுவும் ஈபே வைத்திருக்கும் கெடு. பிறகு கார்டை மறுபடி பட்டியலில் போடும்போது, வாங்கியவர் காட்டிய அந்த இடத்தை, நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், நெருக்கத்தில் எடுத்து முதல் படத்துக்கு அடுத்த படமாக வையுங்கள். விவரத்தில் ஒரு வரி சேருங்கள்: "கீழ் வலது மூலையின் நெருக்கப் படத்தைப் பார்த்துவிட்டு வாங்கவும்." விலை பத்து டாலர் குறைவாகப் போகலாம். அந்த மூலைக்காக இன்னொரு பார்சல் திரும்பி வராது.